லைனில் இருங்கள்

முதல் நாள் சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நாற்காலியை எங்கே போடுவது என்பதைத்தான். "கால்மாட்டில் போடாதீங்கம்மா, அவங்க தலையைத் தூக்கிப் பார்க்கணும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியும் உட்காராதீங்க, வெளிச்சம் பின்னாடி இருந்தா உங்க முகம் இருட்டாத் தெரியும். தலைமாட்டுப் பக்கமா, கை எட்டுற தூரத்துல போட்டுக்குங்க." சரி, அப்புறம் என்ன பேசுவது என்று கேட்டேன். "பேசியே ஆகணும்னு இல்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சேலத்துக்கு வெளியே பன்னிரண்டு கட்டில்கள் உள்ள சின்ன இல்லம் அது. இனிக் குணமாக்க வழியில்லை என்று அனுப்பப்பட்டவர்கள், பெரும்பாலும் புற்றுநோய் கண்டவர்கள், கடைசி வாரங்களை வலியில்லாமல் கழிப்பதற்காக வரும் இடம். வர முடியாதவர்களை வாரத்தில் இரண்டு நாள் வேனில் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். 2022 முதல் செவ்வாயன்று வேனோடும் வெள்ளியன்று இல்லத்திலும் நான் தன்னார்வலராக இருக்கிறேன். தெரிந்தவர்கள் "பெரிய புண்ணியம்" என்கிறார்கள். இல்லாவிட்டால் "உங்களுக்கு எப்படித்தான் மனசு தாங்குதோ" என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பொருந்தவில்லை. அங்கே போய் நான் எவ்வளவு பெற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களிடம் நின்ற இடத்தில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். 1984-இல் வெளியூருக்குப் பேச எங்களிடம் டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தப் பக்கம் மணி அடிக்கும்வரை "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். எடுக்க ஆள் வருகிறதோ இல்லையோ, ஒரு குரல் கூடவே இருக்கிறது என்பதே அவர்களுக்குப் பாதி நிம்மதி. பிற்பாடு இலாகா பி.எஸ்.என்.எல். ஆனது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் சும்மா இருந்தபோதுதான் அம்மாவின் நினைப்பு அதிகமாக வந்தது.

அம்மா 2016-இல் வயிற்றுப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் "இனிச் செய்றதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். கூட்டி வந்தோம். இருபத்து மூன்று நாள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி ஆரம்பிக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். பேரப்பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நாங்களும் அப்படியே நம்பினோம்.

இல்லத்துக்குப் போன மூன்றாவது வாரம், அம்மாவுக்கு வந்த அதே நோயோடு ஒரு பாட்டி, காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா கண்ணு, காபி குடிச்சியா?" என்றார். அவருக்குக் கொடுத்தது கடும் வலியை அடக்கும், விலை குறைந்த மார்ஃபின் மாத்திரைதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அது மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் கூடவே அதற்கும் ஒரு மாத்திரை. நான் பின்கட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவது போல வெகுநேரம் நின்றேன். சிஸ்டர் வந்தார். "அப்போ உங்களுக்குத் தெரியாதுங்கம்மா" என்றார். ஆறு வருஷமாக என் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை.

ஏன் தெரியவில்லை என்று அப்புறம் தேடிப் படித்தேன். மார்ஃபினும் போதைப்பொருள் கணக்கில் வருவது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், அதை வாங்கி வைக்க ஒவ்வொரு மாநிலத்திலும் பல உரிமங்கள் தேவைப்பட்டன. எதற்கு வம்பு என்று நிறைய ஆஸ்பத்திரிகள் வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதை எழுதிக்கொடுத்துப் பழகாமலே வளர்ந்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமம் போதும் என்று ஆக்கினார்கள். பயம் மட்டும் வீடுகளில் இன்னும் போகவில்லை. "பழக்கமாயிடும்" என்று பயந்து மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த மருமகளைப் பார்த்திருக்கிறேன். "ரொம்ப வலிக்கும்போது வேணுமே" என்று மிச்சம் பிடித்துவைக்கும் நோயாளிகள் அதைவிட அதிகம். தன்னார்வலர் ஒருநாளும் மருந்தின் அளவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆனால் அட்டையில் இருக்க வேண்டியதைவிட மாத்திரை அதிகமாக இருப்பது நம் கண்ணில்தான் முதலில் படும். அதை அன்றைக்கே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் செய்த தப்புகளையும் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் ஒரு பெரியவரிடம், "பயப்படாதீங்க ஐயா, சீக்கிரம் நல்லாயிடும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். தன் உடம்பு போகிற போக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, அதைப் பேச ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார், நான் என் பயத்துக்கு ஒரு ஆறுதலைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன். பத்து நாளில் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவும் வாய்க்கவில்லை. இப்போதெல்லாம் "நான் பிழைப்பேனா?" என்று யாராவது கேட்டால், "என்ன தோணுதுங்க உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். அந்த மௌனத்துக்குப் பின் வருவதுதான் பேச்சு.

இன்னொரு தப்பு ஆபத்தானது. சாப்பிடாமல் கிடந்த ஒரு அம்மாவுக்கு, ரெண்டு வாய் உள்ளே போனால் தெம்பு வருமே என்று ராகிக் கஞ்சியை வற்புறுத்திப் புகட்டினேன். அவர் சாய்ந்து படுத்திருந்தார். புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தட்டிச் சரிசெய்தார். கடைசி நாட்களில் பசி அடங்குவது உடம்பு செய்யும் வேலை என்று டாக்டர் அன்று எனக்கு விளக்கினார். பட்டினியால் உயிர் போகவில்லை, உயிர் அடங்குவதால் பசி போகிறது. நம் ஊரில் இதை ஏற்பது கடினம். சோறு போடாமல் அனுப்பினோம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வீட்டுப் பெண்களின் கைக்கு வேறொரு வேலை கொடுத்தால் மனம் கொஞ்சம் அமைதியாகும். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நாக்கையும் ஈறையும் ஈரப்படுத்தலாம். உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம். மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, சின்ன விசிறியால் முகத்துக்கு நேரே காற்று படும்படி வீசலாம். சாதாரணமாகத் தோன்றும். எவ்வளவு உதவும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. வாசலிலேயே மகன் எங்களை நிறுத்தி, "அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க, அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்றார். உள்ளே போனோம். நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப்போட வெந்நீர் கேட்டு அடுப்படிக்குப் போன நேரம், அப்பா என் கையைப் பிடித்தார். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும் அம்மிணி. பையன்கிட்ட சொல்லிடாதீங்க, அவன் தாங்கமாட்டான்." ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

எனக்கு இருவரையும் உட்காரவைத்து உண்மையைக் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, எங்கள் குழுவைத் தவிர. டாக்டரிடம் சொன்னேன். அவர் மகனைத் தனியாக அழைத்து, "அப்பாவுக்கு எதுவுமே தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். மகன் உடைந்து அழுதார். மறுவாரம் போனபோது வீடு வேறு மாதிரி இருந்தது. அப்பா கட்டிலில், மகன் கீழே பாயில், நடுவில் ஒரு நோட்டு. பாவு நூலுக்கு யாருக்கு எவ்வளவு பாக்கி, அடகுச் சீட்டு எந்தப் பெட்டியில், எந்தக் கடனைக் கேட்க வேண்டாம், விட்டுவிடலாம் என்று அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பெரியவர் சிரித்தார். நான் செய்தது என்று அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நோட்டு எழுதப்பட்ட வீட்டில் ஒரு ஓரமாக நான் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வேலையில் எனக்கு இது கிடைத்திருக்கும்?

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸாகவும் பிறகு சமூகப் பணியாளராகவும் இருந்து, அதற்கப்புறம் டாக்டருக்குப் படித்தவர். உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த முழு வலி என்று ஒன்று இருக்கிறது, அந்த முழுமைக்கும் மருந்து பார்க்க வேண்டும் என்றார். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். நெசவாளருக்கு அந்த வாரத்திலிருந்து மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை என்று நர்ஸ் சொன்னபோதுதான் புரிந்தது.

எல்லா நாளும் இப்படி இருக்காது. முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய், போன வருஷம் இறந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேனில் ஏறவே கால் வரவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி இரண்டு மாதம் விலகி இருந்தேன். அவர் கேள்வி கேட்கவில்லை. "எப்போ தோணுதோ அப்போ வாங்க" என்றார். வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாரம் மூன்று மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், முடியாதபோது முடியவில்லை என்று சொல்லுங்கள். சொந்த வீட்டில் சாவு நடந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள் கொஞ்சம் பொறுத்து வருவது நல்லது. நோயாளிக்குப் பணம் கொடுக்காதீர்கள், உங்கள் சாமியைக் கொண்டுபோகாதீர்கள், அவர் கும்பிடும் சாமிக்கு விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுங்கள். மறுவாரம் வருகிறேன் என்று சொன்னால் வந்தாக வேண்டும். அவர்களுக்கு அந்த வாரம் நீளமானது.

மருத்துவம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு கேரளம் முழுக்க வேர்விட்டதற்குக் காரணம் கடைக்காரர்களும், ஆசிரியர்களும், மாணவர்களும், வீட்டுப் பெண்களும்தான். நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் தெருவில் யாராவது வலியோடு படுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்வதே முதல் தொண்டு. 2016-இல் அப்படி ஒரு வார்த்தை எங்களுக்குக் கிடைத்திருந்தால் அம்மாவின் இருபத்து மூன்று ராத்திரிகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எனக்குள் மாறியது என்று சொன்னால், சாவின் முகம் பழகிவிட்டது. கால் சில்லிடுவது, மூச்சு நின்று நின்று வருவது, தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்பது எல்லாம் என்ன என்று தெரியும். வீட்டார் பதறும்போது, அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவங்களுக்கு அநேகமா அது தெரியாதுங்க என்று டாக்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல முடிகிறது. என் விருப்பத்தையும் எழுதிவைத்துவிட்டேன். பிழைக்க வழியில்லாத நிலையில் எனக்கு எந்த சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023-இல் அதை இன்னும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது. என் பிள்ளைகள் முதலில் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். அப்படியொரு பேச்சு எங்கள் வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

எல்லாவற்றையும்விட, அந்த லாரி டிரைவர்.

வாயில் புற்றுநோய். இருபத்தாறு வருஷம் லாரி, தூக்கத்தை விரட்டப் புகையிலை. கன்னம் ஓட்டையாகி, பேச்சு குழறிவிட்டது. அறையில் வாடை. அதனால் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நர்ஸ், கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவார். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரி வைத்தோம். நான்கைந்து நாளில் வாடை பெருமளவு குறைந்தது. பேசுவதற்குச் சிலேட்டும் பல்பமும் கொடுத்தோம். முதல் வாரம் முழுக்க அவர் எழுதியது "தண்ணி", "லைட் ஆஃப்" என்பவை மட்டும்தான்.

இரண்டாவது செவ்வாய் பேத்தியின் பள்ளிக்கூட அட்லஸ் என் பையில் இருந்தது. எந்த ரூட்டில் ஓட்டுவீர்கள் என்று விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் விரலை வைத்தார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, பெங்களூரு, சித்ரதுர்கா, பீஜப்பூர், சோலாப்பூர், தூலே, அப்புறம் கல்காட்டில் நர்மதையைத் தாண்டி இந்தூர். 1,500 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே விரதத்துக்கு நம் ஜவ்வரிசியைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினார். நர்மதைப் பாலத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் வீசுவாராம். அங்கே அட்லஸை மூடப்போனேன். கையைத் தட்டிவிட்டார். "ரிட்டன் லோடு" என்று எழுதி அடியில் கோடு போட்டார். காலி வண்டி திரும்பினால் டீசலுக்கே கட்டாது. இந்தூரிலிருந்து மந்த்சௌர் போய்ப் பூண்டு ஏற்றிக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும்.

அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் அந்த ரூட்டில் திரும்பத் திரும்பப் போனோம். எந்த மேட்டில் கியர் குறைக்க வேண்டும், எந்த ஊரில் ரொட்டி நன்றாக இருக்கும், எந்த செக்போஸ்ட்டில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று சிலேட்டை அழித்து அழித்து எழுதினார். ஒருநாள் மந்த்சௌருக்கும் நீமச்சுக்கும் நடுவே விரலை வைத்து, "பிப்ரவரியில் வயல் பூராவும் வெள்ளைப் பூ. கசகசா" என்று எழுதினார். அவர் விழுங்கிக்கொண்டிருந்த மார்ஃபின் அந்தச் செடியின் பாலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, அரசாங்கத்தின் அபின் ஆலை அந்த நீமச்சிலேயே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார் மனிதர். அன்றிலிருந்து மாத்திரைக்கு அவர் வைத்த பெயர் "நம்ம லோடு".

அவர் மனைவி முதலில் அடுப்படியிலேயே இருப்பார். மூன்றாவது வாரம் கதவோரம் வந்து நின்றார். நான்காவது வாரம் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "இந்த ஊர்ல இருந்துதானே எனக்குச் சேலை வாங்கியாந்தே?" என்று சோலாப்பூரைத் தொட்டுக் கேட்டார். அவர் தலையாட்டினார். "இருபத்தாறு வருஷமா எங்கே போறார், எங்கே படுக்கிறார்னு எனக்குத் தெரியாதுங்க அக்கா. போன்ல கேட்டா 'வண்டியில இருக்கேன்'னு மட்டும் சொல்லுவார்" என்றார். அதற்கப்புறம் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா கேட்டார், அவர் எழுதினார். நான் பக்கத்தில் அட்லஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் வீட்டிலேயே அமைதியாகப் போய்விட்டார். காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, வழக்கம்போல நர்ஸும் நானும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். இறப்புக்குப் பின்னும் ஒரு சில தடவை போவது எங்கள் வழக்கம். காபி கொடுத்தார். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. சிலேட்டைச் சுவரில் மாட்டியிருந்தார், எழுத்தை அழிக்காமல். அட்லஸ் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"மந்த்சௌர் எதுங்க அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். காட்டினேன். அங்கே விரலை வைத்து, மெதுவாகத் தெற்கே இழுத்துக்கொண்டு வந்தார். இந்தூர், நர்மதை, சோலாப்பூர் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். தொப்பூர் வந்ததும், "இனி எனக்குத் தெரியுங்க" என்றார்.